கல்தொட்டித் தீர்த்தமும் வயிற்றுக்குள் கேட்ட வாழ்த்தொலியும்

பாசிக்குளத்தின் தென்கரையில், நாவல் மரத்துக்குக் கிழக்கே, கல்தொட்டிக்குப் பன்னிரண்டு அடி தூரத்தில் வாழ்ந்து வந்த சேவலின் திருநாமம் செஞ்சூட்டுநாதர். வயது நான்கு ஆண்டு, ஏழு திங்கள், பதினொரு நாள். 'நாதர்' என்னும் பட்டத்தை அவருக்கு எவரும் அளிக்கவில்லை. ஒரு நாள் காலையில் கூவி முடித்த கையோடு அவரே சூட்டிக்கொண்டார். பெயரை முழுவதும் சொல்லி அழைக்காதவர் பக்கம் அவர் திரும்பவே மாட்டார். அவருடைய மனைவியாகிய புள்ளியம்மை மட்டும் "ஏனுங்க!" என்பாள். அதற்கு உடனே திரும்பிவிடுவார்.

அவருக்குப் பெருமைகள் இரண்டு. ஒன்று, அவருடைய கொண்டையின் சிவப்பு. மற்றொன்று, அவருடைய செவியின் கூர்மை.

"மண்ணுக்கடியில் மண்புழு புரண்டு படுத்தால் எனக்குக் கேட்கும்!" என்பார்.

இது பொய்யன்று. அவருக்கு உண்மையாகவே கேட்கும். ஆனால் கேட்டதற்குப் பொருள் கொள்வதில்தான் சற்றுப் பிசகுவார். சென்ற ஆண்டு இடி இடித்தபோது, வானம் தமக்குக் கைதட்டியதாகச் சொன்னவர் அவர்.

தை மாதத்தில் ஒரு நாள் செஞ்சூட்டுநாதருக்கு வயிறு கெட்டது. குளத்தில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்த நாரை வைத்தியர் நெடுங்காலரிடம் ஓடினார்.

"வைத்தியரே! வாலைத் தூக்குவதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது! என் கௌரவம் என்ன ஆவது?"

நாரை வைத்தியர் அவருடைய நாக்கைப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார். பின்புறம் பார்க்காமலே மூக்கைத் திருப்பிக்கொண்டார்.

"உம்முடைய வயிற்றில் சால்மோனெல்லா என்னும் கிருமிக் குலத்தார் குடியேறியிருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத பயல்கள். குச்சி போன்ற உடம்பு, சுற்றிலும் வால். பெரும்பாலும் ஓய்வெடுத்துத் தண்ணீர் குடித்தாலே போய்விடுவார்கள். உமக்குச் சற்று முற்றிவிட்டது. ஆகையால் மருந்து தருகிறேன்."

உளுத்துப்போன மரத்தில் படர்ந்த பூஞ்சையைக் காயவைத்து இடித்த பொடி அது. கசப்பென்றால் அப்படியொரு கசப்பு!

"நாளொன்றுக்கு ஒரு சிட்டிகை, ஐந்து நாள். நடுவில் நிறுத்தக் கூடாது. நோயில்லாதவர் தொடக் கூடாது. நான் வடக்கே ஏரிக்குப் புறப்படுகிறேன். ஆவணி மழைக்குத்தான் திரும்புவேன். ஆபத்துக்கு இருக்கட்டும் என்று ஒரு சுரைக்குடுக்கை நிறையப் பொடியை உம்மிடம் ஒப்படைக்கிறேன். புரிந்ததா?"

"எனக்கா புரியாது!" என்றார் செஞ்சூட்டுநாதர்.

நாரை வைத்தியர் பறந்து போனார்.

இரண்டாம் நாளே வயிற்றுப்போக்கு நின்றது. மூன்றாம் நாள் விடியலில் செஞ்சூட்டுநாதர் குளத்து நீரில் தம் முகத்தைப் பார்த்தார். கொண்டை செம்பருத்திப் பூவைப்போலச் சுடர்விட்டது. அப்போதுதான் உதித்த சூரியன் நேராக அதன்மேல் விழுந்துகொண்டிருந்தான். அதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

"ஆகா! எல்லாம் மருந்தின் மகிமை! இரண்டு நாளிலேயே இப்படியென்றால், இதை நான் ஒருவனே விழுங்குவது நியாயமா? கரையிலுள்ள அனைவருக்கும் அன்றாடம் வழங்குவேன்!"

"ஏனுங்க, உங்களுக்கு இன்னும் மூன்று நாள் பாக்கி இருக்கிறதே?" என்றாள் புள்ளியம்மை.

"தேறிவிட்டேனே! தேறியவனுக்கு எதற்கு? மிச்சம் பிடித்ததைத்தான் தானம் செய்கிறேன்."

"தேறியவருக்கு வேண்டாமாம், நோயே வராதவருக்கு வேண்டுமாம்! நல்ல நியாயம்!" என்று சொல்லிவிட்டு அவள் குப்பையைக் கிளறப் போனாள். அவள் கடைசிவரையில் அந்த மருந்தைத் தொடவில்லை. குளத்து நீரையே குடித்து வந்தாள்.

அன்று தொடங்கியது கல்தொட்டித் தீர்த்தம். தொட்டி நிறையத் தண்ணீர். அதில் ஒரே ஒரு சிட்டிகைப் பொடி. செஞ்சூட்டுநாதர் மும்முறை கூவுவார். பிராணிகள் வரிசையில் நிற்கும். தாம் ஒரு மடக்குக் குடித்துக் காட்டிவிட்டு, நாவல் இலையில் மொண்டு ஊற்றுவார். வலச் சிறகைக் குவித்து வாங்கி, பாதியைக் குடித்து, மீதியைத் தலையில் தடவிக்கொள்ள வேண்டும்.

முதல் நாளே முதல் மரியாதைக்குச் சண்டை வந்தது.

"முதல் தீர்த்தம் எனக்கே! நான் நீரிலே பிறந்தவன்!" என்றான் சேற்றழகன் என்னும் வாத்து.

"நீ முட்டையிலே பிறந்தவன்! நான்தான் நேராகப் பிறந்தவன். முதல் தீர்த்தம் எனக்கு!" என்றான் வளைகொம்பன் என்னும் ஆட்டுக்கிடா.

"உனக்குச் சிறகு எங்கே? எதில் வாங்குவாய்? தாடியிலா?"

"அண்ணே! இவனை முட்டட்டுமா?"

"முட்டாதே! இன்று வாத்துக்கு, நாளை ஆட்டுக்கு!" என்று தீர்ப்பளித்தார் செஞ்சூட்டுநாதர். "சிறகில்லாதவர் கொம்பில் தடவிக்கொள்ளலாம்."

அன்று பிற்பகல் செஞ்சூட்டுநாதர் படுத்திருந்தபோது, அவருடைய வயிற்றுக்குள்ளிருந்து மெல்லிய குரல்கள் கேட்டன.

"ஐயோ! அம்மா! கசக்கிறதே! போனேன்!"

"ஆகா! என் உபாதைகள் ஒழிகின்றன!" என்று மகிழ்ந்தார்.

பத்தாம் நாள் அலறல் குறைந்தது. பேச்சு கூடியது.

"என்ன மாப்பிள்ளை, இன்றைக்கும் இவ்வளவுதானா? நாக்கில் கூடப் படவில்லையே!"

"பட்டாலும் விழுங்காதே, மச்சான்! உள்ளே வந்ததை அப்படியே வெளியே இறைத்துவிடு. இதோ, இந்தச் சுருளில் எழுதிவைத்திருக்கிறேன். படித்துவிட்டுப் பக்கத்து வீட்டானுக்கும் கொடு!"

"என் குடல் கல்வி கற்கிறது!" என்று செஞ்சூட்டுநாதர் பூரித்தார்.

நாற்பதாம் நாள் உள்ளே ஒரே ஆரவாரம்.

"இழு! இறை! இழு! இறை! ஒன்று, இரண்டு! தொப்பையைக் குறை, பலவாலா!"

"குடல் இப்போது தேகப்பயிற்சி செய்கிறது!" என்றார். வாத்தும் ஆடும் வியந்தன. பிறகு தங்கள் வயிற்றுக்குள்ளும் ஏதோ 'இழு, இறை' என்று கேட்பதாகச் சொல்லிக்கொண்டன. ஒரே தொட்டியில் வாய் வைப்பவர்களாயிற்றே! ஒருவர் வயிற்றில் எழுதிய சுருள் மற்றவர் வயிற்றுக்குப் போய்ச்சேர எத்தனை நாழிகை?

ஒரு நாள் காலையில் தூறல் விழுந்தது. தீர்த்தம் வழங்கச் சற்றுத் தாமதமாயிற்று. வயிற்றுக்குள் ஒரே கூச்சல்.

"என்ன இன்னும் வரவில்லை? எனக்குத் தலை வலிக்கிறதே!"

"விடிந்ததும் அது ஒரு மடக்கு உள்ளே போனால்தான் எனக்குக் கை கால் ஓடும்!"

"தம்பி, கொஞ்சம் பொறு. நம் வள்ளல் ஒரு நாளும் நம்மைக் கைவிட்டதில்லை. எல்லாரும் சேர்ந்து சொல்லுங்கள், செஞ்சூட்டுநாதர் வாழ்க!"

"வாழ்க! வாழ்க!"

செஞ்சூட்டுநாதருக்கு உடம்பெல்லாம் இறகு சிலிர்த்தது. புள்ளியம்மையிடம் ஓடினார்.

"கேட்டாயா! என் குடலே என்னை வாழ்த்துகிறது! பெயரை முழுதாகச் சொல்லி வாழ்த்துகிறது!"

"குடலுக்குச் செரிக்கிற வேலை இல்லையாக்கும்?"

"பொறாமை, புள்ளி! பொறாமை!"

ஆனி மாதத்தில் ஒரு நரி புதருக்குள்ளிருந்து தள்ளாடிக்கொண்டு வந்தான். வழக்கமாக அவன் தலை தெரிந்தால் கரையே பறக்கும். அன்று எவரும் அசையவில்லை. அவன் வந்த வரவு அப்படி இருந்தது.

"சேவலாரே! உங்கள் கரையிலிருந்து ஒரே ஒரு முட்டை திருடித் தின்றேன். மூன்று நாளாகப் புதர் புதராக அலைகிறேன்! இனி இந்தக் காட்டில் நான் மறைவதற்குப் புதரே மிச்சமில்லை! மருந்து கொடுங்கள்!"

செஞ்சூட்டுநாதர் பெருந்தன்மையுடன் ஒரு வாய்த் தீர்த்தம் ஊற்றினார். நரி குடித்தான். சற்று நின்றான். திடீரென்று கண்கள் பிதுங்க, மறுபடியும் புதரை நோக்கிப் பாய்ந்தான்.

"கேட்கவில்லையே! மருந்து கேட்கவில்லையே!" என்ற குரல் தொலைவில் தேய்ந்தது.

"திருடனுக்கு மருந்து வேலை செய்யாது. அவ்வளவு தூய மருந்து!" என்று செஞ்சூட்டுநாதர் விளக்கம் அளித்தார். அனைவரும் தலையாட்டினர்.

ஆடி மாதம் புள்ளியம்மை ஏழு குஞ்சுகள் பொரித்தாள். ஏழாவது மிகச் சிறியவள். பஞ்சி என்று பெயர். மற்ற ஆறும் தாயின் பின்னே ஓட, பஞ்சி மட்டும் தந்தையின் பின்னே ஓடுவாள். அவர் கழுத்தை நிமிர்த்தினால் அவளும் நிமிர்த்துவாள். அவர் கூவினால் அவளும் "கீ... கீ... கொக்!" என்பாள். கேட்காமலே தம்மைப் புகழும் உயிர் இவ்வுலகில் அவள் ஒருத்திதான் என்பதைச் செஞ்சூட்டுநாதர் அறிவார்.

"அப்பா, நீங்கள் கூவினால்தான் சூரியன் வருமா?"

"ஆமாம், கண்ணு."

"நாளைக்கு நான் கூவி வரவைக்கட்டுமா?"

"வரவையேன்! நான் வாய் திறக்கவே மாட்டேன்."

மறுநாள் விடியலில் செஞ்சூட்டுநாதர் சொன்னபடியே அலகை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தார். கூவல் கேட்கவில்லை. யாரும் கூவாமலே சூரியன் வந்துவிட்டான். பஞ்சி சிறகுகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, கண்களை மூடி, தாயின் காலடியில் சுருண்டு கிடந்தாள். வால்புறம் வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"ஏனுங்க, பிள்ளைக்கு ஒன்றும் சரியில்லை" என்றாள் புள்ளியம்மை. அவள் குரலில் கேலி இல்லை.

"கலங்காதே! மருந்துதான் இருக்கிறதே!"

அவர் பஞ்சிக்கு ஒரு சிட்டிகை கொடுத்தார். பயனில்லை. அடுத்த நாள் இரண்டு சிட்டிகை கொடுத்தார். பயனில்லை. மூன்றாம் நாள் குடுக்கையைத் தட்டித் தட்டி, அடியில் கிடந்ததை எல்லாம் கொட்டிக் கொடுத்தார். பஞ்சி ஒரு தினையைக்கூடக் கொத்தவில்லை. தூக்கினால் இறகைப்போல இருந்தாள்.

அன்று ஆவணி மழை இறங்கியது. மழையோடு நாரை வைத்தியரும் இறங்கினார். வழக்கம்போல ஒற்றைக் காலில் நின்று பஞ்சியைப் பார்த்தார்.

"எங்கே குடுக்கை?"

செஞ்சூட்டுநாதர் காலிக் குடுக்கையை நீட்டினார்.

"ஓய்! இதில் ஐம்பது நோயாளிகளுக்கு மருந்து இருந்ததே! இந்தக் கரையில் அத்தனை பேருக்கா நோய்?"

"ஒருவருக்கும் நோயில்லை, வைத்தியரே. அன்றாடம் தீர்த்தமாக வழங்கினேன். தொட்டிக்கு ஒரு சிட்டிகை..."

நாரை வைத்தியர் அதிர்ச்சியில் மற்றக் காலையும் கீழே வைத்தார். அவர் இரண்டு காலில் நின்றதை அந்தக் கரையில் அதுவரையில் யாரும் கண்டதில்லை.

"தொட்டிக்கு ஒரு சிட்டிகையா! கொல்லவும் போதாமல், விரட்டவும் போதாமல், எதிரிக்குப் பழக்கிக் கொடுக்க மட்டும் போதுமான அளவு! இளைத்தவன் செத்தான். தடித்தவன் பிழைத்தான். பிழைத்தவன் பிள்ளை பெற்றான். பிள்ளைக்கெல்லாம் வித்தை சொன்னான். ஆறு மாதமாகப் பள்ளிக்கூடம் நடத்தியிருக்கிறீர், ஐயா!"

"பள்ளிக்கூடமா? என் வயிற்றுக்குள் வாழ்த்தொலி அல்லவா கேட்டது?"

"மண்புழு புரண்டாலும் கேட்கும் காதாயிற்றே! குழந்தையின் வயிற்றில் வைத்துக் கேளும்!"

செஞ்சூட்டுநாதர் குனிந்தார். பஞ்சியின் சின்னஞ்சிறு வயிற்றில் செவியை வைத்தார்.

உள்ளே திருவிழா நடந்துகொண்டிருந்தது.

"சால்மோனெல்லாக் குலத்துப் பெருமக்களே! உங்கள் தலைவன் பலவாலன் பேசுகிறேன். நேற்று இரண்டு பங்கு வந்தது. இன்று குடுக்கையையே கவிழ்த்துவிட்டார் நம் வள்ளல்! நம்மேல் அவருக்கு எவ்வளவு பிரியம், பாருங்கள்! பெரியவர் வயிற்றில் பயின்றோம்; இப்போது பிள்ளையின் வயிற்றில் ஆள்கிறோம். நம் ஆசான் செஞ்சூட்டுநாதர் வாழ்க!"

"வாழ்க! வாழ்க!"

அதே குரல்கள். ஆறு மாதமாக அவர் கண்ணை மூடிச் சுவைத்த அதே வாழ்த்து!

செஞ்சூட்டுநாதரின் கொண்டை வெளுத்துச் சாம்பல் நிறமாயிற்று. அவர், வாழ்நாளில் முதன்முறையாக, தாழ்ந்த குரலில் பேசினார்.

"வைத்தியரே, என் பிள்ளையைக் காப்பாற்றுங்கள்."

நாரை வைத்தியர் தம் சிறகுக்கடியிலிருந்து ஒரு நத்தைக் கூட்டை எடுத்தார்.

"மலையுச்சிப் பாறை வெடிப்பில் கருங்காளான் முளைக்கும். அதன் சாறு இது. இதற்கு அந்தப் பயல்கள் இன்னும் பழகவில்லை. நாளொன்றுக்கு ஒரு துளி, ஐந்து நாள். இருப்பதே ஐந்து துளிதான். இதுவும் பழகிவிட்டால் பிறகு என்னிடம் ஒன்றுமில்லை. ஆகையால் முதலில் தீர்த்தத்தை நிறுத்தும். ஏன் நிறுத்துகிறீர் என்பதை உம் வாயாலேயே எல்லாருக்கும் சொல்லும்."

செஞ்சூட்டுநாதர் கல்தொட்டியின் விளிம்பில் ஏறினார்.

"கரையோரே! நான் தவறு செய்தேன்" என்றார்.

"சத்தமாகச் சொல்லுங்கள், அண்ணே! பின்வரிசைக்குக் கேட்கவில்லை!" என்றான் வாத்து சேற்றழகன். அவன் முன்வரிசையில்தான் நின்றான்.

"நான் தவறு செய்தேன்!"

"இன்னும் ஒரு தடவை! மிகவும் நன்றாக இருக்கிறது!"

"நான் தவறு செய்தேன்!" என்று அவர் விடியற்காலைக் குரலில் கூவினார். பிறகு நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னார். கேட்டதும் வளைகொம்பன் தன் கொம்பைப் புல்லில் தேய்த்துத் துடைத்தான். பின்னே சென்று, ஓடி வந்து, தொட்டியை ஒரே முட்டில் கவிழ்த்தான். செஞ்சூட்டுநாதர் இன்னும் அதன்மேல்தான் நின்றுகொண்டிருந்தார். சேற்றில் விழுந்து எழுந்தார். அதற்காக அவர் யாரையும் கடிந்துகொள்ளவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. முதலாம் துளியைக் கொடுத்தார். பஞ்சியை மற்றக் குஞ்சுகளிலிருந்து பிரித்து, தனியே வைக்கோல் பரப்பி, தாமே காவல் இருந்தார். திங்கட்கிழமை பஞ்சி கண் திறந்தாள். செவ்வாய்க்கிழமை இரண்டு தினை கொத்தினாள்.

உடனே வந்துவிட்டான் சேற்றழகன்.

"அண்ணே! குழந்தைதான் தேறிவிட்டாளே! மிச்சமுள்ள இரண்டு துளியைத் தொட்டியில் விட்டால் என்ன? புதுத் தீர்த்தம்! உங்கள் பெயரும் நிலைக்கும். முதல் மரியாதை எனக்கு!"

"போடா!" என்றார் செஞ்சூட்டுநாதர்.

புதன்கிழமை நான்காம் துளி. வியாழக்கிழமை பஞ்சி தும்பியைத் துரத்தி விளையாடினாள். நோயிருந்த சுவடே தெரியவில்லை. ஐந்தாம் துளியைக் கொடுப்பதற்கு முன்பு செஞ்சூட்டுநாதர் அவளைப் பிடித்து, வயிற்றில் செவியை வைத்தார். ஒரே ஒரு கம்மிய குரல் கேட்டது.

"வள்ளலே! நான்தான் பலவாலன். என்னோடு இருவர் மட்டும் ஒரு மூலையில் கிடக்கிறோம். குழந்தைதான் விளையாடுகிறதே! இந்தத் துளியை வீணாக்குவானேன்? பத்திரப்படுத்தி வையுங்கள். நாங்கள் உங்கள் புகழைப் பாடிக்கொண்டே காலத்தைக் கழிப்போம். உங்கள்மீது ஒரு பரணி இயற்றியிருக்கிறேன். நூறு செய்யுள்! முதல் செய்யுள் உங்கள் கொண்டையைப் பற்றியது!"

செஞ்சூட்டுநாதர் துளியை அலகிலேயே நிறுத்திக்கொண்டார்.

"கொண்டையைப் பற்றியா?" என்று அவர் மனம் கேட்டது. "ஒரே ஒரு செய்யுள் கேட்டால் என்ன?"

"ஏனுங்க!" என்றாள் புள்ளியம்மை.

அவர் உடனே திரும்பினார்.

அவள் பஞ்சியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

"வாயைத் திற, கண்ணு" என்றார் செஞ்சூட்டுநாதர். ஐந்தாம் துளி உள்ளே இறங்கியது.

"செந்நிறக் கொண்டை..." என்று ஒரு குரல் தொடங்கியது. அடுத்த சொல் வரவில்லை. செஞ்சூட்டுநாதர் நீண்ட நேரம் செவியை எடுக்கவில்லை. பஞ்சியின் வயிற்றில் அமைதி நிலவியது. நூறு செய்யுளும் அரங்கேறாமலே போயின. அவர் கேட்டவற்றிலெல்லாம் இனிய ஒலி அந்த ஒன்றுமில்லாமைதான்.

"மற்றவர் வயிறுகளில் பழகிக் கிடப்பவர்கள்?" என்று அவர் நாரை வைத்தியரிடம் கேட்டார்.

"மருந்து வராவிட்டால் அவர்களுக்குச் சோம்பல் வரும். மெல்ல மெல்லக் குறைவார்கள். சிலர் சுருளை மறக்க நாளாகும். அதுவரையில் தொட்டியை மணல் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். நோயுற்றவரைத் தனியே வையுங்கள். மருந்தை நான் சொன்னால் மட்டும் தொடுங்கள்" என்றார் நாரை வைத்தியர். நிம்மதியாக ஒரு காலை மடக்கிக்கொண்டார்.

மறுநாள் விடியலில் செஞ்சூட்டுநாதர் அலகை இறுக மூடிக்கொண்டு கிழக்கே பார்த்து நின்றார். கிழக்கு வெளுத்தது. அவருடைய தொண்டை துடித்தது. ஆயினும் அவர் கூவவில்லை.

"கீ... கீ... கொக்!" என்றது ஒரு சின்னக் குரல்.

சூரியன் வந்தான்.

"அப்பா! வந்துவிட்டது! நான்தான் வரவைத்தேன்!" என்று குதித்தாள் பஞ்சி.

"ஆமாம், கண்ணு, நீதான்!" என்றார் செஞ்சூட்டுநாதர். பிறகு ஒரு பிடி மணலை அள்ளிக்கொண்டு கல்தொட்டியைத் தேய்க்கச் சென்றார். அங்கே முதல் தேய்ப்பு யாருக்கு என்று வாத்தும் ஆடும் ஏற்கெனவே சண்டையிட்டுக்கொண்டிருந்தன.

நோய் தீர்க்கும் மருந்தை நோயில்லாதபோது சிறுகச் சிறுக வாரி வழங்குபவர் நோய்க்கே ஆசானாகிவிடுவார் என்பதைப் பாசிக்குளத்துப் பிராணிகள் ஐயமின்றி உணர்ந்து, கல்தொட்டித் தீர்த்த விவகாரத்தைத் தீர்த்துக்கொண்ட நாள், ஆவணித் திங்கள் இருபத்து மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, சூரியன் உதித்து இரண்டு நாழிகை.